சோலார் பேட்டரிக்கு எத்தனை ஸ்கொயர் கேபிள் வேண்டும்?

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் எங்கள் குமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் வரவில்லை. அதற்குப் பிறகுதான் குளச்சல் அருகே உள்ள எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இரண்டு சோலார் பேனல்களை ஏற்றினோம். வீட்டு ஒயரிங் செய்தபோது மிஞ்சிய 2.5 ஸ்கொயர் (செம்பின் குறுக்குவெட்டு 2.5 சதுர மி.மீ.) ஒயர் ஒரு சுருள் கிடந்தது. அதையே மாடியிலிருந்து கீழே இழுத்துவிட்டோம். விளக்கு எரிந்தது, மின்விசிறி சுற்றியது. ஆனால் ஒன்றரை ஆண்டுக்குள் பேட்டரி படுத்துவிட்டது.

புதிய பேட்டரி வாங்கும் முன், நல்ல வெயில் அடித்த ஒரு நண்பகலில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். மாடியில் பேனல் முனையில் 15.6 வோல்ட். கீழே சார்ஜ் கண்ட்ரோலர் (பேனலுக்கும் பேட்டரிக்கும் இடையில் நின்று சார்ஜ் ஏறுவதைக் கட்டுப்படுத்தும் பெட்டி) முனையில் 12.7 வோல்ட். ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் 15 ஆம்பியர். இடையில் காணாமல் போன 2.9 வோல்ட்டை 15 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 43 வாட். நான்கு எல்.இ.டி. பல்புகளை எரிக்கக்கூடிய மின்சாரம் பன்னிரண்டு மீட்டர் ஒயரைச் சூடாக்குவதிலேயே போய்க்கொண்டிருந்தது. குறை பேட்டரியில் இல்லை, ஒயரில்தான் இருந்தது.

கடையில் கேட்டால், "4 ஸ்கொயர் போதும், 30 ஆம்பியர் தாங்கும்" என்பார்கள். தாங்கும் என்பது உண்மைதான், ஒயர் உருகாது. ஆனால் 230 வோல்ட்டில் 2 வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் அதே 2 வோல்ட் ஆறில் ஒரு பங்கு. ஆகவே சோலாரில் ஒயர் எவ்வளவு தாங்கும் என்பதோடு, வழியில் எவ்வளவு வோல்ட்டைத் தின்னும் என்பதையும் கேட்க வேண்டும்.

முதல் படி: மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள்

பேனலின் பின்பக்க லேபிளில் அதிகபட்சத் திறனின்போது வரும் வோல்ட்டும் ஆம்பியரும் இருக்கும். 165 வாட் பேனல் என்றால் சுமார் 18 வோல்ட், 9 ஆம்பியர். அடுத்தது தூரம். கேபிள் போகும் வழியிலேயே, சுவரோரம் வளைந்து இறங்கும் இடங்களையும் சேர்த்து, டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். கண்ணளவில் எட்டு மீட்டர் என்று நினைப்பது அளந்தால் பன்னிரண்டாக இருக்கும்.

இரண்டாம் படி: கணக்கு

செம்புக் கேபிளுக்கு இந்த ஒரு வாய்பாடு போதும்:

இழப்பு வோல்ட் = 0.04 × ஒருவழித் தூரம் (மீட்டர்) × ஆம்பியர் ÷ கேபிளின் ஸ்கொயர்

ஸ்கொயர் என்று நாம் சொல்வது செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில். 0.04 என்ற எண்ணில் போய்வரும் இரண்டு கம்பிகளும் அடங்கிவிட்டன. வெயிலில் காயும் செம்பின் கூடுதல் மின்தடையும் அடங்கிவிட்டது. அலுமினியம் என்றால் விடையை 1.6 ஆல் பெருக்குங்கள்.

இரண்டு பேனல்களையும் இணையாகச் சேர்த்தால் (பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ்) 18 ஆம்பியர். தூரம் 12 மீட்டர், கேபிள் 4 ஸ்கொயர்: 0.04 × 12 × 18 ÷ 4 = 2.16 வோல்ட்.

இது ஏன் ஆபத்து என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பேனல் சூடேறினால் அதன் வோல்ட் இறங்கும். நம் ஊர் ஏப்ரல் வெயிலில் பேனலின் சூடு 65 டிகிரியைத் தொட்டால், லேபிளில் உள்ள 18 வோல்ட் 15 வோல்ட் அளவுக்கு வந்துவிடும். அதில் 2.16 வோல்ட்டைக் கேபிள் எடுத்துக்கொண்டால் மிச்சம் 13 வோல்ட்கூட இல்லை. ஈய அமில பேட்டரி நிறைவதற்கு 14.4 வோல்ட் அளவு வேண்டும். பேனலை அப்படியே பேட்டரியோடு விட்டுவிட்டுச் சேர்க்கும் சாதாரண பி.டபிள்யூ.எம். வகைக் கண்ட்ரோலரால் வோல்ட்டை உயர்த்தித் தர முடியாது. அதனால் மின்னோட்டம் தானாகவே குறைந்துவிடும். மாலை வரை வெயில் அடித்தாலும் பேட்டரி அரைகுறையாகவே நிற்கும். நாள்தோறும் இப்படியே போனால் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். எங்கள் பேட்டரி அப்படித்தான் போனது.

மூன்றாம் படி: இழப்பை 3 சதவீதத்துக்குள் கொண்டுவருவது

இழப்பைக் குறைக்க இரண்டு வழிகள். இணையாகவே வைத்து 10 ஸ்கொயர் போட்டால் இழப்பு 0.86 வோல்ட். 18 வோல்ட்டுக்கு இதுவும் ஏறக்குறைய 5 சதவீதம்; செலவும் கூடும். நான் தேர்ந்தெடுத்தது மற்ற வழி. இரண்டு பேனல்களையும் தொடராக (ஒன்றின் பாசிட்டிவை மற்றதன் நெகட்டிவோடு) இணைத்தால் 36 வோல்ட், ஆனால் 9 ஆம்பியர்தான். 6 ஸ்கொயரில் இழப்பு 0.72 வோல்ட், அதாவது 2 சதவீதம். 4 ஸ்கொயர்கூட சரியாக 3 சதவீதத்தில் நிற்கும். ஆனால் இதற்கு எம்.பி.பி.டி. கண்ட்ரோலர் கட்டாயம்; பேனலின் அதிக வோல்ட்டைப் பேட்டரிக்கு ஏற்பக் குறைத்து, ஆம்பியரைக் கூட்டித் தருவது அதுதான். சுமை இல்லாதபோது இரண்டு பேனலும் சேர்ந்து 44 வோல்ட் வரை காட்டும். கண்ட்ரோலர் அதற்கு மேலும் தாங்குமா என்று பார்த்து வாங்குங்கள்.

நான்காம் படி: கண்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்கு

இங்கே வோல்ட் குறைவு, மின்னோட்டம் அதிகம். 330 வாட்டை 13 வோல்ட்டால் வகுத்தால் 25 ஆம்பியர். தூரத்தை ஒன்றரை மீட்டருக்குள் வைத்து 10 ஸ்கொயர் போடுங்கள், இழப்பு 0.15 வோல்ட்டில் நிற்கும். பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே 32 ஆம்பியர் டி.சி. ஃபியூஸ் ஒன்று இருக்க வேண்டும். இதை விட்டுவிடாதீர்கள். கேபிள் எங்காவது உரசி ஷார்ட் ஆனால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டித் தீ வைத்துவிடும். இன்வெர்ட்டரோடு வந்த தடித்த கேபிளை வெட்டி ஒட்டி நீட்டவும் கூடாது.

ஐந்தாம் படி: கடையில் பார்த்து வாங்குவது

மேலுறையின் பருமனைப் பார்த்து ஏமாற வேண்டாம். நுனியைச் சீவி இழைகளை எண்ணுங்கள். 0.3 மி.மீ. இழை 56 இருந்தால் 4 ஸ்கொயர், 84 இருந்தால் 6 ஸ்கொயர். வெளியே ஓடும் பகுதிக்கு ஐ.எஸ். 17293 என்று அச்சிட்ட சோலார் கேபிளையே கேளுங்கள். சாதாரண பி.வி.சி. உறை வெயிலில் வெடித்துவிடும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. எங்கள் பழைய ஒயரைக் கழற்றி உறையைச் சீவியபோது, நுனியிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குச் செம்பு கறுத்துப் போயிருந்தது. முனையில் பச்சைப் பொடி உதிர்ந்தது. உப்புக்காற்று உறைக்குள் புகுந்து செய்த வேலை அது. ஈயம் (உண்மையில் வெள்ளீயம்) பூசியது என்று கடைக்காரர்கள் சொல்லும் வெள்ளைநிறச் செம்பிழைக் கேபிள் இதை நன்றாகத் தாங்குகிறது. முனைகளில் லக் (கேபிள் நுனியில் மாட்டும் உலோக முனை) வைத்து அழுத்தி, சூட்டில் சுருங்கும் குழாயை மேலே மாட்டுங்கள். பேட்டரி முனைகளில் வாஸ்லின் தடவுங்கள். தென்னந்தோப்பு ஒட்டிய வீடென்றால் கேபிளைக் குழாய்க்குள்தான் விட வேண்டும். அணில் கடிக்காமல் விடாது.

இணைத்த பிறகு

முதலில் பேட்டரியைக் கண்ட்ரோலரில் இணைத்து, பிறகு பேனலை இணையுங்கள். கழற்றும்போது முதலில் பேனல். அடுத்த தெளிவான நாளில், பேட்டரி நிறைவதற்கு முன்பாக, முற்பகல் பதினொரு மணி வாக்கில் இரு முனைகளிலும் வோல்ட்டை அளந்து கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கணக்கைவிட அதிகம் குறைந்தால் ஏதோ ஓர் இணைப்பு தளர்வாக இருக்கிறது. பேனலைத் துண்டித்த கையோடு ஒவ்வொரு லக்கையும் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ அதை வெட்டிவிட்டுப் புதிதாக அழுத்துங்கள்.