மழைக்காட்டுக்கு நன்கொடை: கன்றுகளை எண்ணிப் பணம் தராதீர்கள்

"ஒரு கன்றுக்கு இத்தனை ரூபாய்" என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் பணம் அனுப்புவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. மழைக்காட்டை மீட்பதில் கன்று நடுவது சின்ன வேலை. முன்னும் பின்னும்தான் செலவு.

வால்பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். தேயிலை, காபித் தோட்டங்களுக்கு நடுவே காடு துண்டு துண்டாகக் கிடக்கிறது. சிதைந்த துண்டுகளில் உண்ணிச்செடி என்ற களைப்புதர் அடைத்து நிற்கும். அதை வேரோடு பெயர்க்க வேண்டும். ஆனால் புதருக்குள் தானாக முளைத்த காட்டுக் கன்றுகள் மேல் அரிவாள் படக்கூடாது. இயந்திரத்தை விட்டு மொத்தமாக வழித்தால் அவையும் போய்விடும். அடுத்து நாற்றங்கால். சிங்கவால் குரங்கு விரும்பித் தின்னும் வெடிப்பலாவின் விதை, நெல்லைப்போல் காயவைத்துக் கட்டிவைக்கும் ரகம் அல்ல. காய்ந்தால் முளைப்பே இருக்காது. விழுந்த சூட்டோடு பொறுக்கி விதைக்க வேண்டும். கன்று தேற ஓரிரு வருடம் ஆகலாம். தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் ஜூன், ஜூலையில் நட்டு, பிறகும் இரண்டு மூன்று வருடம் களையெடுக்க வேண்டும். விட்டால் உண்ணிச்செடி மறுபடி ஏறிக் கன்றை மூடிவிடும்.

ஆகவே "இரண்டே மாதத்தில் ஒரு லட்சம் கன்று" என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். நாங்கு, கருங்குங்கிலியம் என மர இனவாரியாகப் பட்டியல் கேளுங்கள். விதை எங்கே எடுத்தது, மூன்றாம் ஆண்டில் எத்தனை உயிரோடு நிற்கின்றன, தோட்ட நிர்வாகத்தோடு எழுத்து ஒப்பந்தம் எத்தனை வருடத்துக்கு என்பதையும் கேளுங்கள்.

"நிர்வாகச் செலவே கிடையாது" என்ற பேச்சில் மயங்க வேண்டாம். களையெடுப்பவருக்கும் நாற்றங்கால் ஆளுக்கும் கூலி யார் தருவது? ஒரே தடவை பெருந்தொகை தருவதைவிட மூன்று வருடம் மாதாமாதம் தருவது இந்த வேலைக்குப் பொருந்தும்.

நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைக்காட்டைச் சுற்றியுள்ள புல்வெளியில் மரம் நடப் பணம் தராதீர்கள். அது வெற்று நிலமல்ல, வரையாட்டின் மேய்ச்சல் நிலம். முன்பு அங்கே நட்ட சீகை (வாட்டில்) மரத்தை அகற்றத்தான் இப்போது பாடுபடுகிறார்கள்.

"உங்கள் பெயரில் ஒரு சதுர அடி காடு" என்பதும் வேண்டாம். காப்புக்காடு அரசு நிலம். அதை விற்க எந்த அறக்கட்டளைக்கும் உரிமை இல்லை. தமிழ்நாட்டில் தனியார் காடுகளுக்கும் 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டுப்பாடு உண்டு.

வரி விஷயம்: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், 80ஜி எனப்படும் நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை கிடையாது. பொருளாகக் கொடுத்தாலும் கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவருக்கு அறவே இல்லை. சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை உள்ள தமிழர்கள், வெளிநாட்டு நிதி பெறும் பதிவு அந்த அமைப்புக்கு இருக்கிறதா என்று பார்த்து, அதற்கெனத் தனியாக உள்ள வங்கிக் கணக்குக்கே அனுப்ப வேண்டும். இந்தியாவிலுள்ள உறவினர் கணக்கு வழியாக அனுப்பினால் சிக்கல் அமைப்பின் தலையில் விடியும்.