விருந்துக்கு மறுநாள் வயிறு கெட்டால்: வீட்டில் செய்யக்கூடாதவை

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கிடா விருந்து. திங்கட்கிழமை விடிவதற்குள் வீட்டில் இரண்டு பேருக்கு வயித்தால போகிறது, குழந்தை வாந்தி எடுக்கிறது. நோம்பியும் மண்டபக் கல்யாணமும் ஓயாத கொங்குப் பக்கத்தில் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியதுதான் இது. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தானாகவே அடங்கிவிடும். அதற்குள் உடம்பை விட்டுப் போகிற தண்ணீரும் உப்பும் திரும்ப உள்ளே போகாவிட்டால்தான் உயிருக்கு ஆபத்து. ஆனால் நம் வீடுகளில் முதலில் வரும் நினைப்பு, "உள்ள விசம் கெடக்குது, வெளிய எடுத்துப் போடோணும்" என்பது. அந்த நினைப்பில் செய்கிற ஒவ்வொன்றும் இழப்பைக் கூட்டுகிறது.

வாந்தியையும் பேதியையும் வரவழைப்பது

தொண்டையில் விரலை விடுவது, உப்பை அள்ளிப் போட்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்க வைப்பது, விளக்கெண்ணெய் கொடுப்பது எல்லாம் இந்த வகை. அறிகுறி தெரியும் நேரத்தில் சாப்பிட்டது பெரும்பாலும் இரைப்பையைத் தாண்டிக் குடலுக்குப் போயிருக்கும். உப்புக் கரைசல் இதில் மிக மோசம். இரத்தத்தில் சோடியம் மளமளவென்று ஏறி வலிப்பு வரை கொண்டுபோகும். சின்னக் குழந்தைக்குக் கொஞ்சம் உப்பே அதற்குப் போதும்.

குழந்தைக்குத் தொக்கம் எடுப்பதும் (உள்ளே சிக்கியதை ஊதி எடுப்பதாகச் சொல்வது) குடல் தட்டுவதும் இன்னும் பல ஊர்களில் நடக்கிறது. வாந்தி எடுக்கிற குழந்தையின் வாய்க்குள் ஊதினாலோ வயிற்றை அழுத்தினாலோ வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். அதைவிடப் பெரிய கேடு, பெரியவர்கள் நல்ல மனதோடு வண்டி கட்டிப் போய்வரும் அந்த நாலைந்து மணி நேரம். அதற்குள் ஒரு வயதுக் குழந்தை காய்ந்துவிடும்.

மாத்திரை போட்டு அடைப்பது

கழிசலை உடனே நிறுத்த லோபரமைடு கேட்டு வாங்குபவர்கள் உண்டு. காய்ச்சல் இருந்தாலோ மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ அதைத் தொடக்கூடாது. குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். மருந்துக்கடையில் தானாகக் கேட்டு வாங்கும் ஓஃப்லாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகளும் அப்படித்தான். நச்சாலும் வைரஸாலும் வரும் கழிசலுக்கு அவை ஒன்றும் செய்யாது. பாக்டீரியா என்றாலும் யாருக்குத் தேவை என்று பார்த்து எழுதவேண்டியது மருத்துவர்.

ஓ.ஆர்.எஸ்.ஸை டம்ளர் கணக்கில் கரைப்பது

ஓ.ஆர்.எஸ். என்பது உடம்பு இழந்த தண்ணீரையும் உப்பையும் ஈடுகட்டக் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி. அதிகம் தவறு நடக்கும் இடம் இதுதான், எளிதில் திருத்திக்கொள்ளக்கூடியதும் இதுதான். சுமார் 21 கிராம் இருக்கும் பெரிய பாக்கெட் 1 லிட்டர் தண்ணீருக்கானது. நான்கு கிராம் சொச்சம் இருக்கும் சின்ன பாக்கெட் 200 மில்லிக்கானது. பாக்கெட்டின் மேலேயே அளவு அச்சிட்டிருக்கும். அதைப் படிக்காமல் பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கிக் கொடுத்தால், அந்த அடர்ந்த கரைசல் உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். கழிசல் கூடும், "ஓ.ஆர்.எஸ். ஒத்துக்கல" என்று அத்தோடு நிறுத்தியும் விடுவார்கள். பாதி பாக்கெட்டை இப்போது, மீதியை அப்புறம் என்று கரைப்பதும் தவறு. உப்பும் சர்க்கரையும் இரண்டு பாதியிலும் சமமாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

தண்ணீரைக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறிய பிறகு, 1 லிட்டர் பாட்டிலில் அளந்து ஊற்றி, முழு பாக்கெட்டையும் கொட்டிக் குலுக்குங்கள். கரைத்த பிறகு சூடாக்க வேண்டாம், சர்க்கரையோ எலுமிச்சையோ சேர்க்க வேண்டாம். 24 மணி நேரம் ஆனதும் மீதியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும். இராத்திரியில் பாக்கெட் கிடைக்காவிட்டால் 1 லிட்டருக்குத் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. விடிந்ததும் பாக்கெட்டுக்கு மாறிவிடுங்கள், அதில் பொட்டாசியமும் இருக்கிறது.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம்? குடல்சுவரில் குளுக்கோஸும் சோடியமும் ஒன்றாகச் சேர்ந்து நுழையும் வாசல் ஒன்று உண்டு. அவை உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். கழிசல் கடுமையாக இருக்கும்போதும் அந்த வாசல் வேலை செய்கிறது. சரியான விகிதத்தில் கொடுத்தால்தான் அதன் முழுப் பயன் கிடைக்கும்.

"குடிச்சா உடனே வாந்தி வருதுங்க" என்பதற்காக நிறுத்தவேண்டியதில்லை. வாந்திக்குப் பிறகு 10 நிமிடம் பொறுங்கள். பிறகு ஒரு டீஸ்பூன், ஒன்றிரண்டு நிமிடம் கழித்து இன்னொன்று, கடிகாரத்தைப் பார்த்தபடி. குழந்தை தாகத்தில் டம்ளரையே பிடுங்கப் பார்க்கும், அழும். கொடுத்துவிடாதீர்கள். மடமடவென்று குடித்தால் அத்தனையும் வெளியே வந்துவிடும். நிமிடத்துக்கு 5 மில்லி என்றால் ஒரு மணி நேரத்தில் 300 மில்லி உள்ளே போயிருக்கும். ஒரு முறை வாந்தியில் போனதைவிட அது பெரும்பாலும் அதிகம். வாந்தி நின்றபின், ஒவ்வொரு முறை வெளிக்குப் போனதும் 2 வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, 2 முதல் 10 வயது வரை 100 முதல் 200 மில்லி, அதற்கு மேல் குடிக்க முடிந்த அளவு.

சர்க்கரை நோயாளிகள் இதைத் தொட அஞ்சுகிறார்கள். 1 லிட்டர் கரைசலில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான், ஒரு 200 மில்லி டம்ளருக்கு 3 கிராம்கூட வராது. பிரஷர் இருப்பவரும் கழிசல் நேரத்தில் உப்புக்குப் பயந்து இதை ஒதுக்க வேண்டாம். சிறுநீரகம், இருதயக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் அளவு கேட்டுக் குடிக்க வேண்டும்.

அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் இதற்கு மாற்று ஆகாது. பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போட்டு அவற்றை விற்றுவந்ததை, 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் கூடாது என்றது. கோலி சோடா, குளிர்பானம், வெறும் குளுக்கோஸ் பவுடர் ஆகியவற்றில் சர்க்கரை உண்டு, தேவையான உப்பு இல்லை. பொள்ளாச்சி இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. கூடச் சேர்த்துக் குடிக்கலாம், அதை மட்டுமே நம்ப முடியாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர் கேட்காமல் குடிக்கவும் கூடாது.

"ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திட்டா செரியாப் போயிருமுங்க" என்று கிளினிக்கில் கேட்பது வழக்கமாகிவிட்டது. வாயில் குடித்தது தங்கினால் அந்த அரை லிட்டர் பாட்டிலுக்குத் தேவை இல்லை. தங்காவிட்டால் ஒரு பாட்டிலோடு விட முடியாது, மருத்துவமனையில் வைத்துப் பார்க்கவேண்டும்.

வயிற்றைக் காயப்போடுவது

பசி எடுத்ததும் சாப்பிடலாம். குழைந்த ரசஞ்சோறு, இட்லி, காரமில்லாத அரிசிம்பருப்பு சாதம், உப்புப் போட்ட கஞ்சி, தயிர், வாழைப்பழம். தாய்ப்பாலை எக்காரணம் கொண்டும் நிறுத்தக்கூடாது. வரக்காப்பியும் எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். கழிசல் உள்ள குழந்தைக்கு ஜிங்க் மாத்திரை 14 நாள் தரவேண்டும்: 6 மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், 2 முதல் 6 மாதம் வரை 10. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கிடைக்கும். நடுவில் கழிசல் நின்றுவிட்டது என்று பாதியில் விட்டுவிடுகிறார்கள், முழுவதும் கொடுங்கள்.

கடைசியாகத் தின்றதன்மேல் பழி போடுவது

சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறேழு மணி நேரத்துக்குள் வாந்தி பிடுங்கினால், உணவில் ஏற்கனவே ஊறியிருந்த நச்சாக இருக்கலாம். கைபட்டுக் கிடந்த இனிப்பு, காலையில் கட்டி மத்தியானம் வரை வெக்கையில் இருந்த கட்டுச்சோறு இவற்றில் இது வரும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. வாந்தி அதிகமில்லாமல் வயிற்றைச் சுருட்டி வலித்து 6 முதல் 24 மணி நேரத்தில் கழிசல் என்றால், பெரிய குண்டாவில் ஆக்கி அப்படியே இரவெல்லாம் விட்ட கறிக்குழம்பைச் சந்தேகிக்கலாம். குண்டாவின் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும், கொதிக்கும்போதும் சாகாத கிருமிவிதைகள் அதில் முளைத்துப் பெருகும். அரைவேக்காட்டு முட்டையாலும் கோழியாலும் வரும் சால்மோனெல்லா 6 மணி நேரத்திலும் வரும், 6 நாள் கழித்தும் வரும், கூடவே காய்ச்சல் இருக்கும். ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் நோரோவைரஸ் 12 முதல் 48 மணி நேரம்.

ஆகவே, நேற்று இரவு தின்ற புரோட்டாவைத் திட்டுவதற்கு முன் மூன்று நாள் தின்றதையும் குடித்ததையும், யார் யார் தின்றார்கள் என்பதையும் எழுதி வையுங்கள். விருந்துக்கே போகாத பக்கத்து வீட்டாருக்கும் போகிறது என்றால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். எட்டு நாளுக்கு ஒருமுறை வரும் தண்ணீரை சம்ப்பில் தேக்கி வைக்கும் தெருக்களில் சாக்கடை கசிந்தால் அப்படித்தான் ஆகும். மிச்சத்தைப் பயத்தில் அப்போதே கொட்டிவிடுவதும் தவறு. சந்தேகமான பண்டத்தில் கொஞ்சம் எடுத்து, சுத்தமான டப்பாவில் மூடி, தேதி எழுதி, யாரும் எடுத்துத் தின்றுவிடாதபடி ஃபிரிட்ஜில் தனியாக வையுங்கள். பலபேர் ஒன்றாக விழுந்திருந்தால் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு அது வேண்டும்.

வேறொன்றை ஃபுட் பாய்சன் என்று நினைப்பது

வாந்தி, கழிசலோடு எச்சில் ஒழுகி, வியர்த்து, கண்ணில் நீர் வழிந்து, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, தசை துடித்தால் அது பூச்சிமருந்து. மருந்தடித்துவிட்டு வந்தவருக்கும், மருந்து டப்பாவை வேறு காரியத்துக்குப் புழங்கிய வீட்டிலும் வரும். உடுப்பைக் கழற்றி, உடம்பை சோப்புப் போட்டுக் கழுவி, 108க்குச் சொல்லி, மருந்து டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள்.

தாராபுரம், மூலனூர் பக்கம் காட்டில் போடும் கண்வலிக்கிழங்கை (செங்காந்தள்) இங்கே தனியாகச் சொல்லவேண்டும். கவட்டை போலக் கிளைத்த அந்த விதைக்கிழங்கை உண்ணும் கிழங்கென்று நினைத்து வேகவைத்துத் தின்றால், சில மணி நேரத்தில் சாதாரண வயிற்றுப்போக்கைப் போலவே ஆரம்பிக்கும். அதிலுள்ள கால்சிசின் அடுத்தடுத்த நாட்களில் சிறுநீரகம், எலும்பு மஜ்ஜை என ஒவ்வொன்றாகக் கெடுக்கும். முதல் நாள் சற்றுத் தெளிந்தது போலத் தெரிந்தாலும் வீட்டில் வைத்திருக்கக்கூடாது. கசக்கும் குச்சிக்கிழங்கை (மரவள்ளி) தின்று தலைசுற்றி வாந்தி வந்தாலும் உடனே போகவேண்டும், அது சயனைடு. ஐம்பது வயதுக்கு மேல், அதிலும் சர்க்கரை உள்ளவர், மேல்வயிறு பிசைந்து வியர்த்து வாந்தி எடுத்தால் "கேஸ்" என்று சோடா வாங்கிக் கொடுக்காமல் ஈ.சி.ஜி. எடுங்கள்.

வீட்டிலேயே பார்க்கலாமா, போகவேண்டுமா

குடித்தது தங்குகிறது, சிறுநீர் வெளுப்பாக அவ்வப்போது போகிறது, தெளிவாகப் பேசுகிறார் என்றால் வீட்டிலேயே இருக்கலாம்.

குழந்தை 6 மணி நேரமாகவோ பெரியவர் 8 மணி நேரமாகவோ சிறுநீர் கழிக்காதது, மலத்தில் இரத்தம், 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல், ஸ்பூன் கணக்கில் கொடுத்தும் தங்காத வாந்தி, கஞ்சித்தண்ணீராக ஊற்றும் கழிசல், 3 நாள் தாண்டியும் நிற்காதது, எழுந்தால் கண் இருட்டுவது, பார்வை இரண்டாகத் தெரிவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளம்புங்கள். குழந்தையின் வயிற்றுத் தோலைத் தொப்புளுக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் கிள்ளி விட்டுப் பாருங்கள். சட்டென்று பழையபடி ஆகவேண்டும். மடிப்பு மெதுவாக இறங்கினால், கண் குழிவிழுந்து துவண்டு கிடந்தால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, வயதானவர் என்றால் முன்கூட்டியே காட்டிவிடுவது நல்லது.

தினசரி மாத்திரைகளைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. உடம்பு காய்ந்திருக்கும்போது சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின், பிரஷருக்கான டெல்மிசார்டன், நீர் பிரியும் மாத்திரை, வலிக்கான டைக்ளோஃபினாக் இவை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், அல்லது இரத்தத்தில் அமிலத்தை ஏற்றலாம். அன்றே மருத்துவருக்குப் போன் போட்டு எதை நிறுத்தி வைக்கலாம் என்று கேளுங்கள். இன்சுலினை மட்டும் தானாக நிறுத்திவிடாதீர்கள்.

நின்றதும் கிளம்பிவிடுவது

கடைசி வாந்தி அல்லது கழிசலிலிருந்து 48 மணி நேரம் பள்ளிக்கும் வேலைக்கும் போகக்கூடாது. ஞாயிறு இரவு 9 மணிக்குக் கடைசியாகப் போயிருந்தால் செவ்வாய் இரவு 9 வரை வீடு, புதன்கிழமை பள்ளி. பீஸ் ரேட்டில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு நாள் கூலி பெரிய விஷயம். ஆனால் ஒரே கேன்டீன், ஒரே கழிப்பறை உள்ள இடத்தில் ஒருவர் போனால் லைனே படுக்கும். மெஸ், சத்துணவு, மண்டபச் சமையலில் இருப்பவர் ஒரு மணி நேரம்கூட முன்னே போகக்கூடாது. பிள்ளைகள் கிணற்றிலும் வாய்க்காலிலும் குதிப்பதையும் தள்ளிப்போடுங்கள்.

அதுவரை கையை சோப்புப் போட்டுக் கழுவவேண்டும், நோரோவைரஸுக்கு சானிடைசர் போதாது. கழிப்பறையைப் புது பிளீச்சிங் பவுடர் லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கரைத்துக் கழுவுங்கள். அதோடு டாய்லெட் ஆசிடைக் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

படுத்திருக்கும் அம்மா கொஞ்சம் தெளிந்ததும் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைப்பார். அந்த 48 மணி நேரம் சமையல் வேறொருவர் கையில் இருக்கட்டும். வேறு ஆளே இல்லையென்றால், பிசைவதும் சட்னி அரைப்பதும் மோர் கரைப்பதும் விட்டுவிட்டு, கொதிக்கக் கொதிக்க இறக்கிப் பரிமாறுவதை மட்டும் செய்யுங்கள்.