திகில் எழுத்தாளர்களை எங்கே தொடங்குவது, எப்படி வாசிப்பது

புதிதாக ஒரு திகில் எழுத்தாளரை எடுக்கிறீர்கள் என்றால், அவருடைய மிகப் பெரிய நாவலில் கைவைக்காதீர்கள். ஸ்டீபன் கிங் என்றதும் பலர் எடுப்பது 1986இல் வந்த 'இட்'. ஆயிரம் பக்கத்துக்கு மேல். பாதியில் மூடிவிட்டு, 'மனுஷன் ரொம்ப இழுக்கிறார்' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். 1978இல் வந்த 'நைட் ஷிஃப்ட்' சிறுகதைத் தொகுப்பில் இரண்டு மூன்று கதைகளைப் படித்துவிட்டு 'சேலம்ஸ் லாட்' நாவலுக்குப் போங்கள். அதில் ஊர்க்காரர்களைப் பற்றிய பக்கங்களைத் தாண்டிப் போகக் கூடாது. அவர்களோடு பழகியிருந்தால்தான், பிறகு ஒவ்வொருவராக ரத்தக்காட்டேரியாக மாறும்போது நெஞ்சு பதறும்.

சிறுகதையை ஒரே மூச்சில் படித்துவிட வேண்டும். நடுவில் எழுந்துபோனால் வெளி விவகாரங்கள் புகுந்து கதையின் விளைவைக் கெடுத்துவிடும் என்று எட்கர் ஆலன் போ 1846லேயே எழுதியிருக்கிறார். போனை வேறு அறையில் வையுங்கள். முன்னுரையைக் கதைக்குப் பிறகு படியுங்கள். பழைய கதைகளுக்கு எழுதப்படும் முன்னுரைகள் பல நேரம் முடிவைப் போட்டு உடைத்துவிடும்.

எழுத்தாளரின் கைவண்ணம் பிடிபடுவது இரண்டாம் வாசிப்பில்தான். பயம் தணிந்த பிறகு, மறுநாள், பென்சிலோடு உட்காருங்கள். டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸின் 'தி மங்கீஸ் பா' (1902) இதற்கு அருமையான பாடம். தொடக்கத்திலேயே அப்பா சதுரங்கத்தில் தன் ராஜாவைத் தேவையில்லாத ஆபத்தில் நகர்த்துகிறார். வரம் தரும் குரங்குப் பாதத்திடம் வரம் கேட்டு அவர் செய்யப்போவதும் அதேதான். கடைசியில், இறந்த மகன் திரும்பி வர வேண்டும் என்று வரம் கேட்ட பிறகு, கதவு தட்டப்படுகிறது. வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று ஜேக்கப்ஸ் ஒரு வரிகூட வர்ணிப்பதில்லை. மகன் இறந்து பத்து நாளாகிறது என்பதை நினைவூட்டுகிறார். மீதியை நம் மனமே வரைந்துகொள்கிறது. ஷெர்லி ஜாக்சனின் 'தி லாட்டரி'யிலும் (1948) இரண்டாவது பத்தியிலேயே சிறுவர்கள் கல் பொறுக்குகிறார்கள். முதல் தடவை அது விளையாட்டாகவே கண்ணில் படும். இப்படி எங்கே விதைத்தார்கள் என்று அடிக்கோடிட்டுக்கொண்டே போங்கள்.

எம். ஆர். ஜேம்ஸை வேகமாகப் படித்தால் ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். பழைய ஏடுகள், தேவாலயங்கள் என்று நிதானமாக நகர்ந்து, ஒரே ஒரு வாக்கியத்தில் ஆளை உலுக்குவார். வாய்விட்டுப் படியுங்கள், அவரே நண்பர்களுக்குக் கிறிஸ்துமஸ் நேரத்தில் வாசித்துக் காட்டிய கதைகள் அவை. அமெரிக்க எழுத்தாளர் எச். பி. லவ்கிராஃப்டை அடுத்தடுத்துப் படிக்க வேண்டாம். அடைமொழிகள் குவிந்து சலிப்புத் தட்டும். அவருடைய இனவெறி சில கதைகளில் அப்பட்டமாகத் தெரியும், தயாராக இருங்கள்.

ஒருவர் பயமுறுத்தவில்லை என்றால், அந்த வகை பயம் உங்களைத் தொடவில்லை, அவ்வளவுதான். பேய் அசைக்காதவர்கள் ஜாக்சனின் 'தி ஹான்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' (1959) எடுத்துப் பாருங்கள். நடக்கும் விசித்திரங்களை வீடு செய்கிறதா, கதாநாயகி எலினாரின் மனம் செய்கிறதா என்று அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாமல் கடைசிப் பக்கம்வரை போங்கள்.