மூன்று நாள் மலையேற்றத்துக்கு மளிகைக் கடைச் சாமானே போதும்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து உலு கிந்தா போய்க் கோர்பு மலை ஏறும் பிள்ளைகள் வழக்கமாக மூன்று பகல், இரண்டு இரவு கணக்கில் கிளம்புகிறார்கள். கோர்பு 2,183 மீட்டர். மலேசியத் தீபகற்பத்தில் தாஹான் மலைக்கு அடுத்த உயரம். பையில் பாதி டின் சர்டின், மீதி மேகி என்று போனால் முதல் நாள் முதுகு ஒடியும், இரண்டாம் நாள் கால் நடுங்கும். விலை கூடிய மலையேற்ற உணவுப் பொட்டலங்களும் வேண்டியதில்லை. டவுன் மளிகைக் கடையில் கிடைப்பதே போதும். ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: சாப்பாட்டுக்குள் இருக்கும் தண்ணீரைச் சுமக்காதீர்கள். ஆற்றோரம் வரை தண்ணீர் கிடைக்கும். காய்ந்த பொருளைக் கொண்டுபோய் அங்கே ஊறவையுங்கள்.

ஒரு ஆளுக்கு ஒரு நாள் எவ்வளவு?

650 முதல் 750 கிராம் வரை காய்ந்த பொருள். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9 கலோரி தரும். அதனால் கடலை, நெய், நல்லெண்ணெய் சேரச் சேரப் பையின் எடை குறையும். 730 கிராமில் ஏறக்குறைய 3,000 கலோரி வரும் ஒரு நாள் கணக்கு இது:

காலையில் அவல் 80 கிராம், பால் மாவு 30, சர்க்கரை 20. நடக்கும்போது வறுத்த நிலக்கடலை 100, பேரீச்சை அல்லது திராட்சை 60, கிரீம் கிராக்கர் 80, கடலை மிட்டாய் 50. இரவுக்கு அரிசி 130, மைசூர்ப் பருப்பு 50, காய்ந்த நெத்திலி 30, எண்ணெயோ நெய்யோ 20. இடையிடையே மைலோ 80.

ஈப்போ வழியாகப் போவதால் புந்தோங் கச்சாங் பூத்தே (கடலை, முறுக்கு வகை நொறுவல்) வாங்கத் தோன்றும், வாங்குங்கள். முறுக்கும் பக்கோடாவும் பையில் நொறுங்கித் தூளாகிவிடும். வறுத்த நிலக்கடலையும் பொட்டுக்கடலையும்தான் வழிக்கு உதவும்.

மதியத்துக்கு அடுப்பு மூட்டித் திட்டம் போடாதீர்கள். நிறுத்தி, சமைத்து, பாத்திரம் கழுவி மறுபடி கிளம்ப ஒன்றரை மணி நேரம் போய்விடும். அரை மணிக்கு ஒருமுறை கைப்பிடி கடலை, இரண்டு பேரீச்சை என்று நடந்துகொண்டே சாப்பிடுவது நல்லது.

முதல் நாள்

மதியத்துக்குப் புளிச்சோறு. புளி, உப்பு, நல்லெண்ணெய் மூன்றும் சேர்வதால் வெறும் சோற்றைவிடத் தாங்கும். இருந்தாலும் அதிகாலையில் கிளறி, ஆறவைத்துக் கட்டியதை மதியமே முடித்துவிடுங்கள். நம் ஊர்ச் சூட்டில் ஆக்கிய சோறு இரவு வரை நிற்காது. நாற்றம் வராததால் நல்லது என்று நினைக்கக் கூடாது. சோற்றில் வளரும் சில கிருமிகளின் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. தேங்காய் சேர்ந்த எதையும், தேங்காய்ச் சட்னி, நாசி லெமாக் உட்பட, விட்டுவிடுங்கள்.

சிலர் கோழிக்கறியை உறையவைத்து, நாளிதழில் சுற்றி முதல் இரவுக்குக் கொண்டுபோவார்கள். களைத்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல்தான். முகாமில் பிரிக்கும்போது பொட்டலம் சில்லென்று இல்லாவிட்டால் சாப்பிடாமல் கட்டிக் கீழே கொண்டுவந்துவிடுங்கள்.

இரவுச் சாப்பாடு: பருப்பில்தான் பலர் தவறுகிறார்கள்

மேலே போகப் போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. கோர்பு உச்சிப் பக்கம் 93 டிகிரி அளவில் கொதித்துவிடுவதால் துவரம்பருப்பும் கொண்டைக்கடலையும் ஒரு மணி நேரம் கேஸ் எரித்தாலும் சரியாகக் குழையாது. மைசூர்ப் பருப்பு மட்டும் எடுங்கள். முகாமுக்கு வந்ததும் ஊறப்போட்டுவிட்டுக் கூடாரம் கட்டுங்கள். அரை மணி ஊறினால் 15, 20 நிமிடத்தில் குழைந்துவிடும். மஞ்சள், சீரகம், காய்ந்த மிளகாய், உப்பு எல்லாவற்றையும் வீட்டிலேயே அளந்து ஒரே பொட்டலமாகக் கட்டிவிடுங்கள்.

புழுங்கலரிசி வேக நேரமாகும், பச்சரிசி எடுங்கள். வீட்டிலேயே கழுவி நன்றாக உலர்த்திவிட்டால் மேலே கழுவும் தண்ணீரும் மிச்சம். தண்ணீர் இல்லாத முகாமில் தங்கும் இரவுக்கு அரிசி வேண்டாம், பீஹூன் (அரிசி சேமியா) போதும். கொதிநீரில் ஐந்து நிமிடம் மூடி வைத்து, நெத்திலியும் வறுத்த சின்ன வெங்காயமும் போட்டுக் கிளறலாம். நெத்திலியை வீட்டில் மொறுமொறுப்பாக வறுத்துத் தனியாகக் கொண்டுபோங்கள். ஈரச் சம்பலில் கலந்தால் இரண்டாம் நாள் கெட்டுவிடும்.

குழுவில் மலாய் நண்பர்களோ வெள்ளிக்கிழமைச் சைவக்காரர்களோ இருந்தால் பெரிய சட்டியைச் சைவமாகவே வையுங்கள்: சோறு, பருப்பு, ரசம். மீன், நெத்திலி எல்லாம் தனிச் சட்டியில். சைவம் சாப்பிடுகிறவருக்கு 30 கிராம் காய்ந்த சோயா உருண்டை கொடுங்கள். அதன் எடையில் பாதி புரதம்.

உப்புமாக் கலவை

இரண்டாம் காலைக்கு இதைவிட வசதியானது இல்லை. 500 கிராம் ரவை ஆறு பேருக்குக் காணும். நாலு மேசைக்கரண்டி எண்ணெயில் கடுகு, உளுந்து, காய்ந்த மிளகாய் தாளித்து, கறிவேப்பிலையை நொறுங்கும்வரை பொரித்து, ரவையைப் போட்டு மணம் வர வறுத்து, இரண்டு தேக்கரண்டி உப்புச் சேருங்கள். பிறகு தாளில் பரப்பி முழுக்க ஆறவிடுங்கள். இளஞ்சூட்டில் பையில் அடைத்தால் உள்ளே வியர்த்து, இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். பச்சை வெங்காயமும் சேர்க்க வேண்டாம், அதிலும் ஈரம். மலையில் ஒரு ஆளுக்கு 80 கிராம் கலவையைக் கொதிக்கும் 220 மில்லி தண்ணீரில் தூவிக் கிளறி, அடுப்பை அணைத்து மூடி ஐந்து நிமிடம் விடுங்கள்.

தண்ணீர், உப்பு, கேஸ்

ஆற்றுத் தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். டின் உணவு எடுத்திருந்தால் மூடியைத் திறக்கும் முன் துடையுங்கள். எலிச் சிறுநீர் நோய் அப்படியும் தொற்றலாம். வியர்வையில் உப்புப் போய்த் தலை சுற்றினால் வெறும் தண்ணீர் போதாது. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. உப்பைக் கூட்டிவிடாதீர்கள்.

ஒரு லிட்டர் கொதிக்க 12 முதல் 15 கிராம் கேஸ் போகும், காற்று அடித்தால் இன்னும் கூடும். நாலு பேருக்கு மூன்று நாளைக்கு 230 கிராம் டின் இரண்டு வையுங்கள். காற்றுத் தடுப்பு கட்டும்போது டின்னைச் சுற்றி முழுக்க அடைக்காதீர்கள், சூடேறினால் வெடிக்கும்.

கட்டும் முறை

பொருள்வாரியாகக் கட்டினால் ஒவ்வொரு வேளைக்கும் மழையில் பை முழுக்கக் கிளற வேண்டிவரும். வேளைவாரியாகக் கட்டுங்கள். கடை அட்டைப்பெட்டிகளை வீட்டிலேயே எறிந்துவிட்டு, இரட்டை ஜிப் பையில் போட்டு, "2 இரவு" என்று மார்க்கரால் எழுதுங்கள். பை குறைந்தால் குப்பையும் குறையும். தாஹான் போகிறவர்களிடம் கொண்டுபோகும் பொருட்களைப் பட்டியலிட்டு, இறங்கும்போது குப்பையைச் சரிபார்ப்பார்கள். கோர்புவில் கேட்க ஆள் இல்லாவிட்டாலும் அப்படியே நடந்துகொள்ளுங்கள்.

இரவில் உணவுப்பையைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். எலியும் எறும்பும் துணியை ஓட்டை போட்டு வரும். கிளையிலிருந்து தள்ளி, ஆள் உயரத்துக்கு மேலே கயிற்றில் தொங்கவிடுங்கள். விடிந்ததும் இறக்கிவிடுங்கள், குரங்குகள் எழும் நேரம் அது.

மூன்றாம் நாள் பொட்டலம் பையின் அடியில், இன்றைய கடலை இடுப்புப் பையில். எல்லாவற்றுக்கும் கீழே ஆளுக்கு ஒரு மேகியும் ஒரு கைப்பிடி பேரீச்சையும் தனியாகக் கட்டி வையுங்கள். ஆறு பெருகி ஓர் இரவு கூடுதலாகத் தங்க நேர்ந்தால் அதைப் பிரிக்கலாம்.