சேகோனுக்கு ஒரு நாட் விமானம்

கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் நமக்குச் சூலூர் விமானப்படைத் தளம் பக்கம்தான்; 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் நாட் என்ற சிறிய போர் விமானத்தில் பறந்து, பாகிஸ்தானின் சேபர் போர் விமானங்களோடு போரிட்டு உயிர்கொடுத்த நிர்மல் ஜித் சிங் சேகோனின் 18ஆவது படைப்பிரிவு, 2020இல் அங்கேதான் தேஜஸ் போர் விமானங்களோடு மறுபடி தொடங்கியது. விமானப்படையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவர்தான்.

அவர் நினைவாக அந்த நாட் விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரியைச் செய்வோம். ஒட்டிச் சேர்க்கும் பாகங்கள் அடங்கிய கிட் வாங்கும்போதே பாருங்கள், இரண்டு இருக்கை வேண்டாம், அது பயிற்சி விமானம், அவர் ஓட்டியது ஒற்றை இருக்கை. 1/72 அளவில், அதாவது நிஜ விமானத்தில் 72இல் ஒரு பங்கு நீளத்தில், 12 சென்டிமீட்டர்தான் வரும், அதனால் பசையைக் குச்சி நுனியில் தொட்டு வையுங்கள். உடலை மூடுமுன் மூக்கில் எடை வையுங்கள். அப்புறம் பட்டி பார்த்து, வாட்டர் பேப்பரால் நிதானமாகத் தேயுங்கள், அழகே இதில்தான். ஆடிக் காற்றில் பெயிண்ட் அடிக்காதீர்கள், தூசி ஒட்டும். விமானப்படைச் சின்னமான மூவண்ண வட்டத்தில் காவி நடுவில், பச்சை வெளியில்.