ஹார்டுவேர் என்கோடர் "இன்வேலிட் ஆர்க்யுமெண்ட்"ன்னு மட்டும் சொல்லி நின்னுட்டா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தைப்பூசக் காவடி இங்க மொரிஷியஸ்ல அரசு விடுமுறை, அன்னைக்குக் கோயில் கோயிலா நேரலை போடுறதும் இப்ப வழக்கமாயிடுச்சு. பிரான்ஸ்லயும் கனடாவுலயும் இருக்குற பிள்ளைங்க அதைப் பாத்துத்தான் கும்பிடுறாங்க. அதுக்காக நம்ம பசங்க சிலபேரு ரெடிமேட் சாஃப்ட்வேரை விட்டுட்டு லிப்ஏவிகோடெக் (எஃப்எஃப்எம்பெக் வீடியோ கருவியோட லைப்ரரி) வச்சு சொந்தமாவே சின்ன புரோகிராம் எழுதுறாங்க, ரொம்ப நல்ல விஷயம், ஆனா எழுதுற எல்லாரும் ஒரே இடத்துல வந்து முட்டுறாங்க. என்கோடர்ன்னா வீடியோவைச் சுருக்குற பகுதி; சிபியுலயே ஓடுற சாஃப்ட்வேர் என்கோடர்ல ஓடுன அதே கோடு, ஹார்டுவேர் என்கோடருக்கு, அதாவது என்விடியாவோட என்வென்க்குக்கோ இன்டெல், ஏஎம்டி கார்டுக்கு லினக்ஸ்ல இருக்குற வாஏபிஐக்கோ மாத்துன உடனே "மைனஸ் 22, இன்வேலிட் ஆர்க்யுமெண்ட்"ன்னு ஒரு வரி சொல்லிட்டு நின்னுடும். எந்த ஆர்க்யுமெண்ட், ஏன், ஒண்ணும் வராது.

இதுல பண்ணக்கூடாத முதல் காரியம், அந்தக் கடைசி வரியை நம்பி செட்டிங்கை மாத்த ஆரம்பிக்கிறது. கார்டு, டிரைவர், லைப்ரரி, நம்ம கோடுன்னு நாலு அடுக்கு இருக்கு, கீழ உண்மையான காரணம் தெரிஞ்சிருந்தாலும் மேல வர வர அது ஒரே ஒரு நம்பரா சுருங்கிடுது. எஃப்எஃப்எம்பெக் பல வெர்ஷன்ல "பிட்ரேட், ரேட், அகலம், உயரம் தப்பா இருக்கலாம்"ன்னு ஒரு வரி போடும் பாருங்க, அது கண்டுபிடிச்சுச் சொல்றது இல்ல, என்கோடர் எதுக்காகத் திறக்காம போனாலும் அதே வரிதான். அதைப் படிச்சுட்டு பிட்ரேட்டை மாத்தி மாத்தி ராத்திரி முழுக்க உக்காந்திருக்குறவங்க நிறைய. லாக் லெவலை டீபக்குக்கு ஏத்துங்க, அந்த வரிக்கு மேல பத்து பதினஞ்சு வரி போய்ப் பாருங்க, காரணம் பெரும்பாலும் அங்கதான் இருக்கும். என்வென்க் ஏபிஐயை நேரா கூப்பிடுறவங்க, ஃபெயில் ஆன உடனே 'கெட் லாஸ்ட் எரர் ஸ்ட்ரிங்' ஃபங்ஷனைக் கூப்பிட்டு அது தர்ற வார்த்தையை லாக்ல போடுங்க. ஆண்ட்ராய்டுல மீடியாகோடெக் எக்ஸெப்ஷன் வந்தா அதுல டயக்னாஸ்டிக் இன்ஃபோ தனியா இருக்கு, அதையும் எழுதி வைங்க.

எரர் வார்த்தையே வழி தப்ப வைக்குறதுக்கு ஒரு நல்ல உதாரணம் "ஓப்பன் என்கோட் செஷன் ஃபெயில்டு, அவுட் ஆஃப் மெமரி". இதைப் பாத்துட்டு ராம் வாங்கப் போறவங்களும் இருக்காங்க. ஜீஃபோர்ஸ் கார்டுல ஒரே நேரத்துல இத்தனை என்கோட் செஷன்தான்னு டிரைவர் ஒரு வரம்பு வச்சிருக்கு, 2023ல அது 3லேர்ந்து 5 ஆச்சு, 2024ல 8 ஆச்சு. பழைய டிரைவர் இருக்குற மெஷின்ல மூணு கேமராவுக்கு மூணு செஷன் திறந்துட்டு பக்கத்துல ரெக்கார்டிங்குக்கு நாலாவது திறந்தா அங்கேயே நின்னுடும். சில டிரைவர்ல இதே விஷயத்துக்கு "இன்கம்பேட்டிபிள் கிளையண்ட் கீ"ன்னு வரும், அதுக்கும் கீக்கும் எந்த சம்பந்தமும் இல்ல. வரம்பு உங்க புரோகிராமுக்கு மட்டும் இல்ல, சிஸ்டம் முழுசுக்கும், அதனால யாரோ பின்னாடி திறந்து வச்ச ஸ்க்ரீன் ரெக்கார்டரும் கணக்குல சேரும். உங்க கோடுல என்கோடரை ஒழுங்கா மூடாம ரீஸ்டார்ட் பண்ணிட்டே இருந்தாலும் இதேதான், முதல் ரெண்டு தடவை ஓடும், அப்புறம் ஓடாது. என்விடியா எஸ்எம்ஐ கமாண்டுல இப்ப எத்தனை செஷன் ஓடுதுன்னு பாத்துட்டாலே பாதி கவலை தீந்துடும்.

அடுத்தது, கார்டு இருக்கு அதனால என்கோடரும் இருக்கும்ன்னு நினைச்சுக்கிறது. ஜிடி 1030ல என்வென்க் கிடையாது, விலை கூடின ஏ100லயும் கிடையாது. எச்இவிசி (எச்265) வீடியோவுல பி ஃப்ரேம் (முன்னாடி பின்னாடி ஃப்ரேம் ரெண்டையும் பாத்துச் சுருக்குறது) வேணும்னா என்விடியாவோட டூரிங் தலைமுறை என்கோடர் வேணும், ஆனா முதல்ல வந்த ஜிடிஎக்ஸ் 1650 டூரிங் கார்டா இருந்தும் உள்ள இருக்குறது அதுக்கு முந்தின வோல்டா என்கோடர். என்விடியாவுல ஏவி1ங்கிற புது வீடியோ வடிவத்துக்கு என்கோடிங் 2022ல வந்த ஆர்டிஎக்ஸ் 40 வரிசையிலேர்ந்துதான். ராஸ்பெரி பை 4ல எச்264 ஹார்டுவேர் என்கோடர் இருந்துச்சு, பை 5ல அதை எடுத்துட்டாங்க, புதுசுதானே நல்லா ஓடும்னு வாங்கிட்டு பழைய கோடைப் போட்டா டிவைஸே இல்லன்னு வரும். இன்டெல், ஏஎம்டி பக்கம் வாஇன்ஃபோ கமாண்டை ஓட்டிப் பாருங்க, ஒவ்வொரு புரொஃபைலுக்கும் எதிர்ல ஒரு பேர் வரும், அது விஎல்டி மட்டும்னா டிகோட் மட்டும்தான் முடியும், என்க்ஸ்லைஸ்ன்னு இருந்தாத்தான் என்கோட். கோடுக்குள்ளேயும் திறக்குறதுக்கு முன்னாடி கேப்ஸ் (கார்டால என்னென்ன முடியும்ங்கிற பட்டியல்) கேட்டு லாக்ல போடுற பழக்கம் வச்சுக்குங்க. கார்டையே கேட்டுட்டா நாம யூகிக்க வேண்டியதே இல்ல.

பிக்சல் ஃபார்மட்லதான் (நிறத்தை மெமரில அடுக்குற முறை) ரொம்பப் பேரு மாட்டுறாங்க. யூஎஸ்பி கேமரா எம்ஜேபெக் குடுக்கும், டிகோட் பண்ணா 422 ஃபார்மட்ல ஃப்ரேம் வரும், என்கோடர் கேக்குறது என்வி12ங்கிற 420 ஃபார்மட். வாஏபிஐ இன்னும் கறார், ஃப்ரேம் சாதாரண மெமரில இருந்தா வாங்கவே வாங்காது, ஜிபியு சர்ஃபேஸா ஏத்திக் குடுக்கணும், அந்த ஹார்டுவேர் ஃப்ரேம் காண்டெக்ஸ்டை என்கோடரைத் திறக்குறதுக்கு முன்னாடியே மாட்டியிருக்கணும், பின்னாடி மாட்டுனா மறுபடியும் அதே மைனஸ் 22. எரரே வராம படம் சாஞ்சு சாஞ்சு கோடு கோடா வந்தா அது லைன்சைஸ் பிரச்சனை: அகலம் 1366ன்னா மெமரில ஒரு வரிக்கு 1366 பைட்தான் இருக்கும்னு இல்ல, அலைன்மெண்ட்டுக்காக 1408ன்னு நீண்டிருக்கலாம், அதனால மொத்தமா ஒரே மெம்காப்பி போடாம வரி வரியா லைன்சைஸ் பாத்துக் காப்பி பண்ணணும். 420 ஃபார்மட்ல அகலமும் உயரமும் ரெட்டைப்படை எண்ணா இருக்கணும், கிராப் பண்ணும்போது ஒத்தைப்படை எண் நுழைஞ்சுட்டா அங்கயும் எரர் தெளிவா வராது.

இப்ப நம்ம ஊருக்குன்னே இருக்குற ஒண்ணு, இதை வெளியூர்க்காரங்க எழுதுற டுட்டோரியல்ல அவ்வளவா பாக்க முடியாது. இங்க நிறைய கம்ப்யூட்டர் பிரெஞ்சு லோக்கேல்ல (மொழி, எண் வடிவ செட்டிங்) இருக்கு, பிரெஞ்சுல தசமப் புள்ளிக்குப் பதிலா கமாதான். கியூட்டி, ஜிடிகே மாதிரி டூல்கிட் வச்சு எழுதுன புரோகிராம் லினக்ஸ்ல ஸ்டார்ட் ஆகும்போதே சிஸ்டம் லோக்கேலை எடுத்துக்கும், அதுக்கப்புறம் ஃப்ரேம் ரேட்டை ஸ்ட்ரிங்கா மாத்துனா 29.97 வராது, "29,97"ன்னு வரும். அதை ஃபில்டர் வரியில போட்டா எஃப்எஃப்எம்பெக் கமாவை அடுத்த ஃபில்டருக்கான பிரிப்பா எடுத்துக்கிட்டு "97ங்கிற ஃபில்டர் இல்ல"ன்னு சொல்லும். படிக்கிறவனுக்கு என்ன புரியும் சொல்லுங்க! அதே கோடு இங்கிலீஷ் லேப்டாப்புல அருமையா ஓடும், அதனால எல்லாரும் டிரைவரைத்தான் சந்தேகப்படுவாங்க. எண் வடிவத்துக்கு மட்டும் லோக்கேலை "சி" (தசமத்துக்குப் புள்ளி வைக்கிற பொது லோக்கேல்) ஆக்கிடுங்க, இல்லன்னா 30000/1001ன்னு பின்னமாவே குடுங்க. பின்னம்தான் எப்பவும் நல்லது, டைம்பேஸ்லயும் (நேரத்தை எண்ணுற அலகு) ரவுண்டிங் தகராறு வராது.

பெர்மிஷன் விஷயத்தைச் சுருக்கமா சொல்லிடுறேன். டெர்மினல்ல ஓடி, சர்வீஸா போட்டா ஓடலைன்னா அந்த யூசர் ரெண்டர் குரூப்புல (ஜிபியுவைத் தொட அனுமதி உள்ள குரூப்) இருக்காரான்னு பாருங்க. டாக்கர் கன்டெய்னர்ல "கூடா" (சியுடிஏ, என்விடியாவோட கணக்குப் போடுற பகுதி) வேலை செஞ்சு என்வென்க் மட்டும் லைப்ரரி கிடைக்கலைன்னு சொன்னா, என்விடியா டிரைவர் கேப்பபிலிட்டீஸ் வேரியபிள்ல 'வீடியோ' சேக்கலைன்னு அர்த்தம். புது என்வென்க் ஹெடர் வச்சு கம்பைல் பண்ணி பழைய டிரைவர்ல ஓட்டுனாலும் திறக்காது, ஆனா அது தேவையான வெர்ஷன் என்னன்னு லாக்ல தெளிவாவே சொல்லும்.

எரரே இல்லாததை எரர்ன்னு நினைக்கிறதும் உண்டு. ஃப்ரேம் அனுப்பிட்டு பாக்கெட் கேட்டா "ட்ரை அகெய்ன்" வரும், என்வென்க்ல "நீட் மோர் இன்புட்", ரெண்டுக்கும் அர்த்தம் இன்னும் ஃப்ரேம் குடுங்கிறதுதான், அதைப் பாத்து புரோகிராமை நிறுத்திடாதீங்க. முடிக்கும்போது "நல்" (காலி) ஃப்ரேம் அனுப்பி மிச்சத்தை வாங்கிக்கணும், வாங்கலைன்னா ரெக்கார்டிங்ல கடைசி சில ஃப்ரேம் காணாம போயிடும்.

ஹார்டுவேர் திறக்கலைன்னா சத்தமில்லாம சாஃப்ட்வேருக்கு மாறிக்கிற கோடையும் எழுதாதீங்க. மாறட்டும், ஆனா லாக்ல பெருசா சொல்லிட்டு மாறட்டும், இல்லன்னா காவடி நேரத்துல சிபியு நூறுக்குப் போய் படம் திக்கித் திக்கி வரும்போது யாருக்கும் காரணம் தெரியாது.

தேடுற முறைன்னு கேட்டா, முதல்ல அதே ஃப்ரேமை லிப்எக்ஸ்264ங்கிற சாஃப்ட்வேர் என்கோடருக்குக் குடுங்க. அங்கயும் உடைஞ்சா தப்பு என்கோடருக்கு முன்னாடி இருக்கு. அங்க ஓடுனா, கேமராவைக் கழட்டிட்டு 1280க்கு 720 டெஸ்ட் பேட்டர்ன், என்வி12, பிரீசெட் கிரீசெட் எதுவும் இல்லாம ஹார்டுவேர்ல ஓட்டுங்க, ஓடுன பிறகு ஒவ்வொரு செட்டிங்கா சேருங்க, ஒரே நேரத்துல ரெண்டு சேக்காதீங்க. அப்பவும் பிடிபடலைன்னா கேளுங்க, கேக்கும்போது எரர் வரியை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பாம கார்டு பேர், டிரைவர் வெர்ஷன், சிஸ்டம் மொழி, முழு டீபக் லாக் நாலையும் டெக்ஸ்டாவே அனுப்புங்க.