குழந்தை உரிமைகள்: புதிதாகக் களத்துக்கு வருபவர்கள் சறுக்கும் இடங்கள்

1989 நவம்பர் 20 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் 54 பிரிவுகள். புதிதாக வருபவர்கள் அவற்றை மளமளவென்று ஒப்பிக்கிறார்கள். எதிரே ஒரு குழந்தை வந்து உட்கார்ந்ததும் தடுமாறுகிறார்கள்.

முடிவெடுத்துவிட்டுக் கருத்துக் கேட்பது

தன்னைப் பாதிக்கும் எந்த விஷயத்திலும் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்கு உடன்படிக்கையின் பிரிவு 12 தருகிறது. நடப்பது என்ன? பெற்றோர் பிரிகிறார்கள், ஒன்பது வயதுச் சிறுமி யாரிடம் இருப்பது என்று பெரியவர்கள் பேசி முடித்தாயிற்று. அம்மா பக்கத்தில் இருக்கும்போதே, "அம்மாகூடத்தானே இருக்கப்போறே?" என்று ஒரு கேள்வி. அவள் தலையாட்டியதும் 'குழந்தையின் விருப்பம் கேட்கப்பட்டது' என்று எழுதிவிடுகிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் திருந்தாத வழக்கம் இது. பின்னாளில் அவள் மனதில் இருப்பதைச் சொன்னால், அந்த ஒற்றை வரியைக் காட்டி 'மாற்றி மாற்றிப் பேசுகிறாள்' என்பார்கள்.

எதற்குக் கேட்கிறோம், சொன்னால் என்ன ஆகும் என்பதை முதலில் விளக்குங்கள். தனியாகப் பேசுங்கள். "வீட்டுல ஒரு நாள் எப்படிப் போகும்?" என்பதுபோல, பதிலை ஊட்டாத கேள்வியாகக் கேளுங்கள். அவள் சொன்ன சொற்களிலேயே குறியுங்கள். முடிவு வந்ததும், அவள் கருத்து எந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது, எது ஏற்கப்படவில்லை, ஏன் என்று அவளிடமே சொல்லுங்கள். பெரும்பாலோர் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான்; 2009-இல் வந்த 12ஆம் பொதுக் கருத்துரை (ஐ.நா. குழந்தை உரிமைகள் குழு பிரிவு 12-க்குத் தந்த விளக்கம்) அதைத் தெளிவாகவே கேட்கிறது.

இதற்கு வயது வரம்பு கிடையாது. பேச்சு வராத குழந்தையின் விளையாட்டும் முகக்குறிப்பும் படமும்கூடக் கருத்துதான். பேச மாட்டேன் என்றால் வற்புறுத்தக் கூடாது. சொன்னதை அப்படியே நிறைவேற்ற வேண்டும் என்பதும் இல்லை; வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற எடை தர வேண்டும்.

'உன் நல்லதுக்குத்தான்'

இப்படி ஒரு வரியில் முடித்துவிடுவதல்ல பிரிவு 3 சொல்லும் குழந்தையின் நலன். முடிவெடுக்கும்போது என்னென்ன பார்த்தீர்கள், எதை எதனோடு எடைபோட்டீர்கள் என்று காரணத்தோடு எழுதுங்கள்.

நான்கு வயதும் பதினாறு வயதும் ஒன்று என நினைப்பது

வளரும் திறனுக்கு ஏற்பவே வழிகாட்டல் என்கிறது பிரிவு 5. கையைப் பிடித்து நடத்துவது எப்போதும் பொருந்தாது.

விளையாட்டைப் பரிசாக்குவது

விளையாடுவது பிரிவு 31-இல் இருக்கிறது. அது உரிமை; மதிப்பெண்ணுக்குக் கூலி அல்ல.

புகைப்படம்

பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது, குழந்தையிடமும் கேளுங்கள். முகத்தை மறைத்துவிட்டுச் சீருடைச் சின்னத்தையும் பின்னாலிருக்கும் பள்ளிப் பெயர்ப்பலகையையும் அப்படியே விட்டால், மறைத்ததில் பயனே இல்லை.